கண்ணடித்துக்கொண்டே இருந்த ஃபோர் வீல் விளக்கு

மூன்று சனிக்கிழமை, ஒரு ஞாயிறு, 180 சிங்கப்பூர் வெள்ளி 50 காசு. இவ்வளவும் போன பிறகு எங்கள் பிக்கப்பின் முன்சக்கரங்கள் மறுபடி இழுக்கின்றன. இதில் 51 வெள்ளி 50 காசு என் அவசரத்துக்கு நானே கட்டிய அபராதம். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வண்டி 2012-இல் பதிவான ஜப்பானிய டீசல் பிக்கப். இரண்டரை லிட்டர் எஞ்சின். கியர் லீவருக்குப் பக்கத்தில் ஃபோர் வீலுக்கென்று, அதாவது முன்சக்கரங்களும் சேர்ந்து இழுப்பதற்கென்று, இன்னொரு குட்டி லீவர். நானும் மச்சானும் சின்னதாக ஒரு தோட்ட வேலைத் தொழில் நடத்துகிறோம்: மண் மூட்டை, பூந்தொட்டி, வேரோடு கட்டிய மரக்கன்று, இவைதான் சுமை. பத்து வயதைத் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறது. பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்க்கிறார்கள், ஒவ்வொரு முறையும் பாஸ். முன்சக்கரம் இழுக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை. மூலைமுடுக்கெல்லாம் தார் போட்ட ஊரில் அதற்கு என்ன தேவை வந்துவிடப் போகிறது?

ஜனவரியில் வந்தது. வடகிழக்குப் பருவமழை நாலு நாளாக விடாமல் கொட்டிய பிறகு, லிம் சூ காங் பக்கம் ஒரு நர்சரியின் பின்புறத்துக்குத் தொட்டிகள் எடுக்கப் போன மச்சான், களிமண்ணில் இறங்கிவிட்டு எனக்கு போன் போட்டான்.

"அத்தான், ஃபோர் வீல் போட்டுட்டேன். லைட்டு கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு, வண்டி நகரல."

நான் போய்ப் பார்த்தபோது பின்சக்கரங்கள் இரண்டும் அச்சு வரைக்கும் புதைந்திருந்தன. முன்சக்கரங்கள் மட்டும் கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தன. ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. நர்சரிக்காரர் ஃபோர்க்லிஃப்ட்டைக் கொண்டுவந்து இழுத்துவிட்டார்.

அடுத்த நாள் ஒரு பட்டறையில் காட்டினோம். வண்டியை மேலே தூக்கக்கூட இல்லை. லீவரை இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிடுச்சு, பழையது ஒன்று மாற்றிவிடலாம், 1,800 வெள்ளி" என்றார்கள். எஞ்சின் சக்தியை முன்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கழற்றாமலே சாவுச் சான்றிதழ் எழுதுகிறவர்களிடம் வண்டியை விட மனம் வரவில்லை.

சொந்தமாகச் செய்வது என்று முடிவானதும் வந்த முதல் கேள்வி, எங்கே செய்வது? வீவக (அரசு வீடமைப்புக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பானர் போட விதியில் இடமில்லை. நர்சரிக்காரரே உரம் அடுக்கும் கொட்டகையில் ஒரு சிமெண்டுத் தரையைக் காட்டினார். கூரை உண்டு, குழாய்த் தண்ணீர் உண்டு, ஒரு மின்விசிறியும் உண்டு. கொசுவுக்கும் குறைவில்லை. என்னிடம் ஏற்கெனவே இருந்தவை: தரை ஜாக்கி, 3 டன் தாங்கிகள் இரண்டு, சாக்கெட் செட், மல்டிமீட்டர்.

முதல் சனிக்கிழமையை முழுசாக வீணாக்கினேன். இணையத்தில் தேடியதில் பாதிப் பேர் "டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் ஸ்விட்சை மாற்று" என்று சொல்லியிருந்தார்கள். காக்கி புக்கிட்டில் உதிரிபாகக் கடையில் 48 வெள்ளி கொடுத்துப் புது ஸ்விட்ச் வாங்கி, அடியில் படுத்து, கை முழுக்கச் சேறாகி, மாட்டியும் முடித்தேன். லீவரைப் போட்டால் விளக்கு அதே மாதிரி கண்ணடித்தது.

மாலையில் காப்பிக் கடையில் பக்கத்து மேசைக்கு வந்து உட்கார்ந்தார் பட்டறை அண்ணன். முப்பது வருடம் லாரி எஞ்சினோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொன்னேன். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, லீவரைப் போட்டாத்தானே லைட்டு கண்ணடிக்குது?"

"ஆமாண்ணே."

"போடலைன்னா கண்ணடிக்காதே?"

"அடிக்காதுண்ணே."

"அப்ப லீவரைப் போட்டது வண்டிக்குத் தெரியுது. தெரியப்படுத்துற ஸ்விட்ச்சை எதுக்கு மாத்துனே?"

பதில் சொல்லாமல் பரோட்டாவைப் பிய்த்தேன். இந்த வண்டியில் விளக்கு கண்ணடிப்பதற்கு ஒரே பொருள்தான்: கட்டளை வந்துவிட்டது, வேலை இன்னும் முடியவில்லை. முடிந்தால்தான் நிலையாக எரியும். நல்ல ஸ்விட்சைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொரு நல்ல ஸ்விட்சை மாட்டியிருக்கிறேன்.

இந்த இடத்தில் வண்டியின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. குட்டி லீவர் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் பல்லோடு பல்லைச் சேர்த்து முன்பக்க ஷாஃப்ட்டைப் பின்பக்கத்தோடு பிணைக்கிறது. அது மட்டும் போதாது. இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் முன்பக்க டிஃபரன்ஷியலிலிருந்து வலது சக்கரத்துக்குப் போகும் அச்சு நடுவில் இரண்டு துண்டாக இருக்கிறது. ஒரு வளையம் நகர்ந்து அந்த இரண்டையும் சேர்த்தால்தான் முன்பக்கம் இழுக்கும். வளையத்தை நகர்த்துவது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சுவதால் வரும் இழுவை. டீசல் எஞ்சினில் தானாக வேக்குவம் கிடைக்காது என்பதால் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு பம்ப் வைத்திருக்கிறார்கள். பிரேக் பூஸ்டருக்கும் அதுதான். பம்பிலிருந்து ஒரு சின்னத் தொட்டி, அங்கிருந்து இரண்டு சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), அங்கிருந்து கீழே இரண்டு மெல்லிய ரப்பர்க் குழாய்கள், கடைசியில் அச்சின் மேல் தட்டையாக உட்கார்ந்திருக்கும் ஆக்சுவேட்டர். ஒரு குழாயில் உறிஞ்சினால் வளையம் சேரும், மற்றதில் உறிஞ்சினால் பிரியும்.

இரண்டாவது சனிக்கிழமை எதையும் வாங்குவதற்கு முன் சோதிப்பது என்று தீர்மானம். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கித் தாங்கியில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்தேன். டூ ஹெச்சில் (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் லீவர் நிலை) முன்பக்க ஷாஃப்ட்டைக் கையால் திருப்பினால் லேசாகச் சுற்றியது. ஃபோர் ஹெச்சில் (நான்கும் இழுக்கும் நிலை) அசையவில்லை, ஏனென்றால் தரையில் ஊன்றி நிற்கும் பின்சக்கரங்களோடு அது பிணைந்துவிட்டது. அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒழுங்காகத்தான் இருக்கிறது. 1,800 வெள்ளி மிச்சம். இந்தச் சோதனைக்கு ஆன நேரம், ஜாக்கி ஏற்றியதையும் சேர்த்து, இருபது நிமிடம்.

அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு ஃபோர் ஹெச் போட்டு, அரை நிமிடம் பொறுத்து, அணைத்து, வலது முன்சக்கரத்தைச் சுற்றினேன். அது பாட்டுக்குச் சுற்றியது. இடது சக்கரம் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்திருந்தால், ஷாஃப்ட் பூட்டியிருக்கும் நிலையில், வலதைச் சுற்றும்போது இடது எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். பழுது அச்சு இணையும் இடத்தில் அல்லது அதற்குப் போகும் வேக்குவத்தில். தேடும் பரப்பு ஒரு மீட்டராகச் சுருங்கிவிட்டது.

ஜாலான் புசாரில் ஒரு வன்பொருள் கடையில் கேஜ் வைத்த கை வேக்குவம் பம்ப் 42 வெள்ளிக்குக் கிடைத்தது. இந்தக் கதையில் நான் வருத்தப்படாமல் கொடுத்த காசு இது ஒன்றுதான். டி வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, எஞ்சின் சும்மா ஓடும்போது ஒவ்வோர் இடமாக அளந்தேன். பம்ப் வாயில் 26 அங்குலம் (உறிஞ்சலைப் பாதரச அங்குலத்தில் காட்டும் கேஜ்). தொட்டியில் 26. சோலனாய்டுக்கு உள்ளே போகும் இடத்தில் 25. சோலனாய்டுகளின் மின்தடை 39 ஓமும் 41 ஓமும், ஃபோர் ஹெச் போட்டால் 12.3 வோல்ட் வருகிறது, விரலை வைத்தால் 'டிக்' என்று உள்ளே துள்ளுவது தெரிகிறது. 'டிக்' சத்தம் கேட்டாலே சோலனாய்டு நல்லது என்று நம்ப வேண்டாம். வாயில் தூசி அடைத்திருந்தாலும் டிக் சத்தம் வரும். ஆகவே வெளியேறும் வாயிலும் அளந்தேன்: 25. கீழே ஆக்சுவேட்டரில் சேரும் முனையில் அளந்தபோது கேஜ் முள் 4-இல் நின்றது.

குழாயை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்தேன். எக்ஸாஸ்ட் எனும் சூடான புகைக்குழாய்க்கு அருகே ஒரு கிளிப் பிடித்திருந்த இடத்தில் ரப்பர் வெயிலில் காய்ந்த மிளகாய் போல மொறுமொறுவென்று இருந்தது. லேசாக வளைத்தேன், ஒரு பக்கம் வாயைத் திறந்தது. பக்கத்துக் குழாயும் அதே கதி.

அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்ற வெறி. உதிரிபாகக் கடை மூடியிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் மீன் கடை திறந்திருந்தது. மீன் தொட்டிக்குக் காற்று விடும் பிளாஸ்டிக் குழாயும் உள்விட்டம் 4 மில்லிமீட்டர்தான். 3 வெள்ளி 50 காசு. மாட்டியதும் கீழ் முனையில் 25 காட்டியது. எனக்கே என் தோளைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. எஞ்சின் சூடேறி இருபது நிமிடம் ஆனதும் மறுபடி பார்த்தால் 8. அந்தக் குழாய் சூட்டில் இளகி, உறிஞ்சலில் உள்ளே ஒட்டிக்கொண்டு ரிப்பன் மாதிரி தட்டையாகியிருந்தது. தொட்டியில் காற்றை ஊதித் தள்ளச் செய்த குழாய் உறிஞ்சினால் எப்படித் தாங்கும்? நர்சரிக்காரரின் மீன்களுக்கு அதைக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தடித்த சுவருள்ள சிலிக்கான் வேக்குவம் குழாய், உள்விட்டம் 4 மில்லிமீட்டர், 5 மீட்டர் 18 வெள்ளி. இரண்டையும் முழு நீளத்துக்கு மாற்றினேன். எக்ஸாஸ்ட்டிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வேறு வழியாகக் கொண்டுபோனேன். இங்கேதான் இன்னொரு தப்பு செய்தேன், ஆனால் அது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பழைய குழாய்கள் இரண்டும் கறுப்பு, புதியவை இரண்டும் நீலம். எது எதுவென்று நான் எதிலும் குறிக்கவில்லை.

சூடேறிய பிறகும் கீழ் முனையில் 25. சக்கரத்தைச் சுற்றினேன். வலது மட்டும் சுற்றியது. இடது அசையவில்லை.

இந்த முறை யாரையும் கேட்காமல் குழாயைப் பிடுங்கிவிட்டு, கை பம்பை நேராக ஆக்சுவேட்டரின் ஒரு முனையில் மாட்டி 20 அங்குலம் வரை இழுத்தேன். முள் ஒரு நிமிடம் அப்படியே நின்றது. உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு ஓட்டையில்லை. மற்ற முனையிலும் அப்படியே. ஆனால் எந்தப் பக்கம் இழுத்தாலும் உள்ளிருக்கும் தண்டு நகரவில்லை. அண்ணனுக்கு போன் போட்டேன். "பல்லு நேரா இல்லாட்டி சேராது, இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சக்கரத்தை மெதுவா ஆட்டு" என்றார். ஆட்டினேன். துருநீக்கி எண்ணெய் விட்டு, அரை மணி ஊறவிட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து ஆட்டினேன். கை வலித்ததுதான் மிச்சம். தண்டு வெளியே தெரியும் இடத்தில் மூடியிருந்த ரப்பர் உறையை டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் கிழிந்திருந்தது, விளிம்பில் செம்மண் நிறம். செம்மண் இல்லை, துரு.

மூன்றாவது சனிக்கிழமை கழற்றும் நாள். ஆக்சுவேட்டர் பகுதியை வெளியே எடுத்தால் அச்சிலிருந்து எண்ணெய் கொட்டும், ஆகவே முதலில் டிஃபரன்ஷியல் எண்ணெயை வடிக்க வேண்டும். இதற்கு மட்டும் அண்ணன் ஒரு கட்டளை போட்டிருந்தார்: "மேலே ஊத்துற போல்ட்டை முதல்ல கழட்டு. அது வரலேன்னா கீழே கை வைக்காதே." கீழே வடித்துவிட்டு மேலே கழற்ற முடியாமல் போனால், எண்ணெய் ஊற்ற வழியில்லாத வண்டியோடு கொட்டகையில் நிற்க வேண்டியதுதான். மேல் போல்ட் நீளக் கைப்பிடி போட்டு, இரண்டு தடவை எகிறி அழுத்திய பிறகுதான் முனகிக்கொண்டு திரும்பியது.

கீழே வடிந்தது எண்ணெய் நிறத்தில் இல்லை. தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் இருந்தது, நுரை மட்டும்தான் குறை. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அச்சின் மூச்சுக் குழாயைத் தேடிப் பார்த்தால் அதன் மூடியில் சேறு இறுகி அடைத்திருந்தது. ஓடிச் சூடான அச்சு நர்சரிக் குட்டையில் இறங்கியதும் குளிர்ந்து சுருங்கும், காற்றை உள்ளே இழுக்கும். மூச்சு விடும் வழி அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். எத்தனை தடவை அந்தக் குட்டையில் இறக்கியிருக்கிறோம் என்று மச்சானைக் கேட்டேன். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

ஆக்சுவேட்டர் பகுதியைப் பிடித்திருந்தவை நான்கு 12 மி.மீ. போல்ட்டுகள். மூன்று சுலபமாக வந்தன. நான்காவதன் தலை துருவில் வழவழத்துப் போயிருந்தது. அதற்கு மேல் 11 மி.மீ. சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றித்தான் திருப்ப முடிந்தது. போல்ட் வெளியே வந்தும் பகுதி அசையவில்லை, பழைய சிலிக்கான் பசை பிடித்துக்கொண்டிருந்தது. மெல்லிய பட்டைக் கத்தியைச் சுற்றிலும் விட்டு, மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டித்தான் கழற்றினேன்.

வெளியே வந்ததைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் மொத்தமும் விளங்கியது. விரல் தடிமன் எஃகுத் தண்டு, அதன் நுனியில் வளையத்தைக் கவ்வும் இரண்டு பல் முள்கரண்டி. தண்டின் உள்பாதி, எண்ணெய் பட்ட இடம், பளபளப்பு. வெளிப்பாதி, கிழிந்த உறைக்கு அடியில் இருந்த இடம், பனைவெல்லம் மாதிரி கட்டி கட்டியாகத் துரு. கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் ஆகி, அந்தத் துருவும் மெழுகும் சேர்ந்து தண்டைத் துளையோடு ஒட்ட வைத்திருந்தன. கையால் அழுத்தினேன், வரவில்லை. வைஸில் பிடித்து, பித்தளைத் துண்டு வைத்து, சுத்தியலால் தட்டினேன். எட்டாவது தட்டில் நகர்ந்தது.

ஓடி ஓடித் தேய்ந்த பாகம் இல்லை இது. வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்று நின்று பிடித்துக்கொண்ட பாகம். வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்தக் குட்டி லீவரை நாங்கள் எத்தனை தடவை தொட்டிருப்போம்? விரல் விட்டு எண்ணிவிடலாம். ஃபோர் வீலை மாதம் ஒருமுறை 16 கிலோமீட்டராவது ஓட்டச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. அதைப் படித்தபோது சிரித்தேன். இந்த வகை ஃபோர் வீலைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திருப்பினால் முன்பின் சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும். சிங்கப்பூரில் 16 கிலோமீட்டர் மண்பாதைக்கு நான் எங்கே போவேன்?

தண்டை முதலில் 240, அப்புறம் 400 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அது வீட்டில் இருந்தது. பள்ளம் விழுந்த இடங்கள் இரண்டு, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டன, ஆனால் சீல் உட்காரும் இடத்தில் இல்லை. பிரேக் கிளீனர் அடித்துக் கழுவி, புது கிரீஸ் பூசி, கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றரை மணி நேரம். கிழிந்த ரப்பர் உறை தனியாகக் கிடைக்கவில்லை. முழுப் பகுதியாக வாங்கினால் 380 வெள்ளி என்றார்கள். மச்சானின் பழைய சைக்கிள் டியூபில் ஒரு கை நீளம் வெட்டி, இரண்டு முனையிலும் கேபிள் டை போட்டுக் கட்டினேன். அழகான வேலை என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் எண்ணெய் படாது, தண்ணீரும் சேறும்தான். எத்தனை மாதம் தாங்கும் என்று பார்க்கிறேன்.

திரும்ப மாட்டும்போது முள்கரண்டி வளையத்தின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம். முதல் தடவை உட்கார்ந்துவிட்டது என்று நினைத்து சிலிக்கான் பசை தடவி நான்கு போல்ட்டையும் முடுக்கிவிட்டேன். கை பம்பில் இழுத்தால் தண்டு நகர்கிறது, சக்கரம் சேரவில்லை. மறுபடி கழற்றி, பசையைச் சுரண்டி, இந்த முறை பசையில்லாமல் வைத்துப் பார்த்தேன். துளைக்குள் சுண்டுவிரலை விட்டு வளையத்தைத் தடவி, பள்ளத்தை நேராக்கி, முள்கரண்டியை அதன்மேல் இறக்கினேன். 'கிளுக்' என்று சின்னதாக ஒரு சத்தம், பகுதி அரை விரல் கீழே இறங்கித் தட்டையாக உட்கார்ந்தது. முதல் தடவை அந்த அரை விரல் இடைவெளியைப் போல்ட்டால் இறுக்கி மூடியிருக்கிறேன். ஏதும் வளையாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். பிறகு பசை, பிறகு போல்ட், பிறகு எண்ணெய்: ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90, மேல் துளையில் வழியும் வரை. ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடித்தது.

கை பம்பில் இழுத்து, சக்கரத்தை ஆட்டினேன். 'டக்.' வலது சக்கரத்தைச் சுற்றினால் இடது எதிர்ப் பக்கம் சுற்றியது. மச்சான் கைதட்டினான்.

சரி, இனி குழாய்களை மாட்டி எஞ்சினைப் போட்டால் முடிந்தது. ஃபோர் ஹெச் போட்டேன். கண்ணடிக்கிறது. சக்கரத்தைச் சுற்றினேன், வலது தனியாகச் சுற்றியது. என்னடா இது என்று டூ ஹெச்சுக்குத் தள்ளிவிட்டுச் சும்மா சுற்றிப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து சுற்றின! ஃபோர் வீல் கேட்டால் பிரிகிறது, வேண்டாம் என்றால் சேர்கிறது. நீலக் குழாய்கள் இரண்டையும் இடம் மாற்றி மாட்டியிருக்கிறேன். போன வாரம் தண்டு இறுகிக் கிடந்ததால் அந்தத் தப்பு வெளியே தெரியவில்லை. ஒரு பழுது இன்னொரு பழுதுக்குக் குடை பிடித்திருக்கிறது. மாற்றி மாட்ட இரண்டு நிமிடம் ஆனது. ஒரு குழாயின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றினேன், ஒரு வாரம் தாமதமாக.

இப்போது சக்கரங்கள் ஒழுங்காகச் சேர்ந்தன. விளக்கு மட்டும் விடாமல் கண்ணடித்தது. இதற்குள் நான் கொஞ்சம் பாடம் படித்திருந்தேன், ஸ்விட்ச் வாங்க ஓடவில்லை. அச்சின் மேல் 'சேர்ந்தாச்சு' என்று சொல்லும் இன்னொரு ஸ்விட்ச் இருக்கிறது. அதைக் கழற்றி நுனிக் குண்டை விரலால் அழுத்தி மல்டிமீட்டரில் பார்த்தேன், ஒழுங்காகத் திறந்து மூடியது. இணைப்பைத் திறந்தால் உள்ளே பித்தளை ஊசி ஒன்றில் பச்சைப் பாசி. மின் தொடுப்புக்கான கிளீனர் அடித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி மாட்டினேன். விளக்கு நான்கைந்து தடவை கண்ணடித்துவிட்டு, நிலையாக எரிந்தது. கொட்டகையில் மணி ஆறே முக்கால்.

சந்தோஷத்தில் ஒரு முட்டாள்தனம். ஃபோர் ஹெச்சிலேயே சிமெண்டுத் தரையில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வெளியே எடுத்தேன். வண்டி முரண்டு பிடித்தது, டயர் கிறீச்சிட்டுத் துள்ளியது, அப்புறம் டூ ஹெச்சுக்கு லீவர் வரவே மறுத்தது. ஒரு கணம் வயிறு கலங்கிவிட்டது. நேராக்கி, நாலைந்து மீட்டர் பின்னால் எடுத்ததும் முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாக இறங்கியது. பிறகு நர்சரிக்குப் பின்னால், ஜனவரியில் புதைந்த அதே களிமண்ணில் இறக்கினோம். முன்சக்கரங்கள் சேற்றை வாரி மச்சானின் சட்டையில் அடித்தன. அவன் நகரவே இல்லை, போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

செலவு: கை பம்ப் 42, சிலிக்கான் குழாய் 18, துருநீக்கி எண்ணெய் 9, பிரேக் கிளீனர் 7, கியர் எண்ணெய் இரண்டு லிட்டர் 28, சிலிக்கான் பசை 11, போல்ட் வாஷர் 2, மின் தொடுப்பு கிளீனர் 12. ஆக 129 வெள்ளி. அதற்கு மேல் தேவையில்லாத ஸ்விட்ச் 48, மீன் தொட்டிக் குழாய் 3.50. அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்த பரோட்டாவும் தே ஓவும் கணக்கில் இல்லை.

மறுபடி செய்வதாக இருந்தால் ஜாக்கிச் சோதனையை முதல் நாளே செய்வேன், கை பம்பை நேராக ஆக்சுவேட்டரில் மாட்டிப் பார்ப்பதை இரண்டாவதாகச் செய்வேன். அந்த இரண்டும் சேர்த்து ஒரு மணி நேரம், ஸ்விட்ச்சும் மீன் குழாயும் வாங்கியிருக்கவே மாட்டேன். கழற்றும் ஒவ்வொரு குழாயிலும் டேப். மூச்சுக் குழாயை எஞ்சின் அறை வரை நீட்டி மேலே கட்டவும் யோசிக்கிறேன். மீந்த சிலிக்கான் குழாய் அதற்குப் பொருந்தாது, விட்டம் பெரியது வேண்டும்.

இப்போது மாதம் ஒரு தடவை, நர்சரிக்குப் போகிற நாளில், பின்புற மண்பாதையில் ஃபோர் ஹெச் போட்டு இரண்டு சுற்று, மச்சான் ஓட்டுகிறான். குட்டையைச் சுற்றிப் போகிறான், அதைச் சொல்லியாக வேண்டும். போன சனிக்கிழமை விளக்கு மூன்று தடவை கண்ணடித்துவிட்டு நின்றதாகச் செய்தி அனுப்பினான். சைக்கிள் டியூப் இன்னும் கட்டியபடியே இருக்கிறது.